தம்ளர் விமானம்

சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹோட்டலில் டிபன். எங்கள் வீட்டில் மாதம் ஒரே ஒரு தடவை வரும் திருவிழா அது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து நடந்து வந்து, ரயில் நிலையத்து நடைமேம்பாலம் ஏறி, அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்குவோம். பாலத்தின் நடுவில் அப்பா ஒரு நிமிடம் நிற்பார். கீழே பீச்சுக்குப் போகிற மீட்டர்கேஜ் மின்சார ரயில் நின்றுகொண்டிருக்கும். 1931ஆம் வருஷத்திலிருந்து மின்சார வண்டி ஓடுகிற பாதை அது என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். அதே மூச்சில் பாடமும் நடக்கும்.

“உள்ள போனா காலை ஆட்டக் கூடாது. பக்கத்து டேபிள்காரங்க தட்டையே பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. முக்கியமா, தம்ளரைத் தட்டக் கூடாது. என்ன?”

தம்பி பலமாகத் தலையாட்டுவான். அவனுக்கு அப்போது நாலு வயது, எனக்கு ஒன்பது.

தம்ளர் விஷயத்தை அப்பா தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவுக்கு மேலேதான் விமானப் படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி 1954இலிருந்து தாம்பரத்தில்தான் இருக்கிறது. அம்மா எதிர்வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் இரைச்சல் வந்தால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். விமானம் போனதும் விட்ட வார்த்தையிலிருந்து பேச்சு தொடரும். தம்பி பேச ஆரம்பிக்கும் முன்பே அந்த இரைச்சலைப் போடக் கற்றுக்கொண்டிருந்தான். கையில் எது கிடைத்தாலும் அது விமானம்தான். ஹோட்டலில் முதலில் கைக்குக் கிடைப்பது தண்ணீர் தம்ளர்.

அப்போதெல்லாம் ஹோட்டலில் ‘பேமிலி ரூம்’ என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருக்கும். அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு போனால் நாலைந்து மேஜைகள். பெண்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று வைத்த அறை அது. ஆனால் அதனால் அதிகம் பிழைத்தவர்கள் குழந்தைகள் என்பேன். அங்கே எல்லா மேஜையிலும் ஒரு குழந்தை இருக்கும். ஒன்று அழும், ஒன்று சாம்பாரைக் கவிழ்க்கும். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு மாதம் அந்த அறை நிரம்பியிருந்தது. வெளியே பெரிய ஹாலில் உட்கார வைத்தார்கள். வெள்ளைக்கல் பதித்த மேஜை. அப்பாவுக்கு வெங்காய ரவா தோசை, எங்களுக்கு மசால் தோசை. அன்றைக்குக் கூட்டம் அதிகம். கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. தம்பி தம்ளரைக் கையில் எடுத்தான். மெதுவாக மேலே போனது, வளைந்தது, இறங்கியது. கல்மேல் எவர்சில்வர் இறங்கிய சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. அம்மா பிடுங்கினாள். அவன் வீல் என்று கத்தினான். எதிர் மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். கல்லாவில் இருந்தவர் ஒரு சர்வரைக் கண்ணால் அனுப்பினார்.

“சார், கொழந்தையக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போயிடுங்களேன்.”

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போன கையோடு தோசைகள் வந்தன. அப்பாவின் ரவா தோசையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரும்போது ஓரமெல்லாம் முறுகி, ஓட்டை ஓட்டையாக நின்றது. கொஞ்ச நேரத்தில் ஓரம் தொய்ந்தது. பிறகு தட்டோடு ஒட்டிக்கொண்டது. அப்பா வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பஸ்களுக்குக் கை காட்டியபடி தம்பிக்கு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, அந்தத் தோசையைப் பார்சல் கட்டச் சொன்னாள்.

திரும்பும்போது பாலத்தில் நான் அழுதேன். அப்பா சொன்னார்: “அவரும் நம்மள மாதிரி காசு குடுத்துத்தானே சாப்பிட வர்றாரு? நாள் பூரா எங்க நின்னு வேலை பாத்துட்டு வந்தாரோ.” அது நியாயம் என்று இப்போது புரிகிறது. ஆனால் தோளில் பிள்ளையோடு வாசலில் நின்ற அப்பாவும் நாள் பூரா நின்று வேலை பார்த்தவர்தான். அதை ஒருவரும் நினைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் ஹோட்டல் இல்லை. மறுபடி போனது குரோம்பேட்டையில், ஒரு கல்யாணம் விசாரிக்கப் போன இடத்தில். குரோம் தோல் தொழிற்சாலையால் பேர் வாங்கிய ஊர் அது. பேமிலி ரூமெல்லாம் இல்லாத சின்ன ஹோட்டல். வயதான சர்வர் ஒருவர், தோளில் துண்டோடு வந்தார். அப்பாவிடம் கேட்பதற்கு முன் தம்பியைப் பார்த்தார்.

“நீங்க மெதுவா யோசிங்க சார். தம்பிக்கு மொதல்ல ரெண்டு இட்லி வந்துரும்.”

அடுத்த நிமிடம் இட்லி வந்தது. அவரே பிட்டு, கரண்டியின் முதுகால் பரத்தி, ஆவி போக விட்டு, நெய்யும் சர்க்கரையும் தூவினார். தம்பியின் கை தம்ளருக்குப் போனதை அவர் கவனித்திருக்க வேண்டும். இலைத் துண்டு ஒன்றை நாலாக மடித்து அவன் முன்னால் வைத்தார். தம்ளர் அதில் இறங்கியது. சத்தமே இல்லை. தம்பி ஆச்சரியப்பட்டு மறுபடி இறக்கிப் பார்த்தான். அப்புறம் அவனை உள்பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தார். அங்கிருந்து தோசைக்கல் தெரியும். தண்ணீர் தெளிக்க ‘சுர்’ என்று ஆவி எழுந்தது, துடைப்பத்தால் மாஸ்டர் கல்லைப் பெருக்கினார். தம்பி வாய் திறந்து பார்த்துக்கொண்டே இட்லியை முடித்தான். அன்று நாங்கள் நாலு பேரும் சூடாகச் சாப்பிட்டோம்.

பிள்ளை கத்துவது பெரும்பாலும் பசியாலும் காத்திருப்பதாலும்தான். அந்த சர்வருக்கு அது தெரிந்திருந்தது. 2016இல் இண்டிகோ விமானங்களில் சில வரிசைகளை 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை என்று ஒதுக்கிய செய்தியைப் படித்தபோதும், அடுத்த வருஷம் தென்கொரியாவில், சிறுவர்களை உள்ளே விடாத ஓர் உணவகம் செய்தது பாகுபாடு என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையம் சொன்னபோதும், எனக்கு அந்த மடித்த இலைதான் நினைவுக்கு வந்தது. அமைதி வேண்டுமென்று கேட்பது தப்பில்லை. அதற்கு முதலில் பிள்ளையை வெளியே அனுப்புவதுதான் வழி என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

போன மாதம் சேலையூர் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். தம்பி, அவன் மனைவி, மூன்று வயது மகன், நான். சுற்றிலும் பல மேஜைகளில் தம்ளர்மேல் சாய்த்த செல்போனைப் பார்த்தபடி குழந்தைகள் சத்தமில்லாமல் வாய் திறந்துகொண்டிருந்தன. எங்கள் பிள்ளைக்குப் போன் கொடுக்கவில்லை. இட்லியை முதலில் கேட்டேன். என் தட்டில் வட்டமாக வெட்டிப் போட்டிருந்த இலையை உருவி மடித்து அவன் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது. பிறகு தூக்கம் வந்து அழ ஆரம்பித்தான். பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். யாரும் எதுவும் சொல்வதற்குள் தம்பி எழுந்து மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். அப்பாவின் நடை அப்படியே.

அவன் சொல்லியிருந்தது வெங்காய ரவா. நான் சர்வரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, அந்த ரவா தோசையை இப்ப ஊத்த வேண்டாம்னு மாஸ்டர்கிட்ட சொல்லுங்க. அவன் உள்ள வந்து உக்காந்தப்புறம் ஊத்தட்டும்.”