மாமாவின் பாதை

கலிபோர்னியாவில் மரீன் என்று ஒரு ஜில்லா. 1976-ல் அங்கே சில வாலிபர்கள், 1930, 40-களில் செய்த தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைமேல் தள்ளிக்கொண்டு போய், மண்பாதை வழியே கீழே விட்டுப் பந்தயம் நடத்தினார்கள். பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் சைக்கிள். அடிவாரம் வருவதற்குள் பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் கருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபாக்' என்று பெயர் வந்தது. இருபதே வருஷத்தில், 1996-ல் அட்லாண்டாவில், மலைச் சைக்கிள் ஒலிம்பிக்கில் ஏறிவிட்டது. விளையாட்டுக்கு யோகம் அடித்தால் இப்படித்தான்.

இதைப் படித்தபோது எனக்கு என் தாய்மாமா ஞாபகம்தான் வந்தது. அவர் பந்தயம் எதிலும் கலந்துகொண்டவர் அல்ல. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்காக எட்டயபுரத்துச் சுற்றுக் கிராமங்களில் பெட்டி சேகரித்தார். காலையில் அட்டையை வீடு வீடாகக் கொடுப்பார். பெண்கள் ஒட்டிவைத்த பெட்டிகளைச் சாக்கில் கட்டி வாங்கிவருவார். காலிப் பெட்டிக்குக் கனம் இல்லை, இடம்தான் அதிகம். கேரியரில் ஆள் உயரத்துக்குச் சாக்கு நிற்கும். எதிர்காற்று அடித்தால் மாமா மிதித்த மிதிக்கு சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சைக்கிள் ஹெர்குலிஸ். 1949-ல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. கம்பெனியின் தயாரிப்பு. பாதை வண்டிப்பாதை. சித்திரை வைகாசியில் கரிசலைப் போல நல்ல ரோடு கிடையாது. சிமிண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவே உள்ள மேட்டில் ஓட்டத் தெரிந்தால் போதும். பக்கத்துக் காட்டில் கால் நுழைகிற அளவு வெடிப்பு ஓடியிருக்கும், அதில் இறங்கிவிடக் கூடாது. ஆனால் அதே மண் ஐப்பசியில் வேறு ஜாதி. கரிசலில் உள்ள நுண்ணிய களி, தண்ணீரைக் குடித்து ஊதும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஊதிய களி டயரைப் பிடித்தால் விடாது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மட்கார்டுக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். அப்புறம் சைக்கிள் நம்மைச் சுமக்காது. நாம் சைக்கிளைச் சுமக்க வேண்டும்.

1990 ஐப்பசியில் ஒருநாள், பத்து வயதுப் பையனான நான் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். பாதி வழியில் மழை. மாமா முதலில் கருவேலங்குச்சியால் குத்திக் குத்தி மண்ணை எடுத்தார். பிறகு ஸ்பானரை எடுத்து மட்கார்டு இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்தார். அதுவும் கொஞ்ச தூரம்தான். கடைசியில் சாக்கை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். சைக்கிளை அங்கேயே விட்டோம். ஸ்டாண்டு போடவில்லை, கரிசலே அதைப் பிடித்துக்கொண்டு நின்றது!

நனைந்த பெட்டிக்கு ஆபீஸில் காசு கிடையாது. பசை விட்டுப்போன பெட்டியை யார் வாங்குவார்கள்? பாதிக்கு மேல் தள்ளுபடி ஆயிற்று. மாமா கிராமத்துக்குப் போய் எல்லோருக்கும் முழுக் கூலி கொடுத்தார். வீட்டில் அத்தை சண்டை பிடித்தாள். "மழ பெஞ்சதுக்கு அவுக என்ன செய்வாக? ஒட்டுன கைக்குக் கூலி குடுக்காண்டாமா?" என்றார். அத்தைக்கு அந்த மாதம் கடையில் கடன் சொல்லத்தான் நேர்ந்தது.

அதன்பிறகு அவர் ஒரு புதுப் பாதை கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்தில் கரிசலுக்கு நடுவே சரள் மேடுகள் உண்டு. தண்ணீர் நிற்காது, சக்கரத்தில் ஒட்டாது. குலுக்கி எடுக்கும், அவ்வளவுதான். மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவி, ஓடை மணலில் இறங்கித் தள்ளி, மறுபடி சரளில் ஏறி, மூன்று மைல் சுற்று. கோடையில் கரிசல், மழைக்குச் சரள் என்று அவர் கணக்கு வைத்துக்கொண்டார்.

இப்போது என் அக்காள் மகன் சென்னையில் மலைச் சைக்கிள் வாங்கியிருக்கிறான். அதில் மட்கார்டு கிடையாது; டயருக்கும் கவைக்கும் நடுவே தாராளமாக இடம். மாமா ஸ்பானரால் செய்ததைத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்புகிறார்கள். ஒன்றை மெச்ச வேண்டும்: டியூப் இல்லாத டயருக்குள் ஒரு பால் ஊற்றியிருக்கிறது. முள் குத்தினால் அது ஓடிவந்து ஓட்டையை அடைத்துவிடுகிறது. சீமைக்கருவேல் முள்ளுக்கு ஏற்ற சரியான மருந்து. சென்ற கார்த்திகையில் ஊருக்கு வந்தபோது கரிசலிலும் இறங்கிப் பார்த்தான். ஐம்பது கஜம் போனான். தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

சரள் பாதையில் போகச் சொல்லலாமென்று நான் முன்கூட்டிப் போய்ப் பார்த்தேன். மாட்டுவண்டிகள் ஓடியவரைக்கும் பாதை தானாகத் திறந்திருந்தது. வண்டி போனதும் சீமைக்கருவேல் இரு பக்கமும் சாய்ந்து கைகோத்துவிட்டது. இரண்டாவது மேட்டைச் சரளுக்காக வெட்டி அள்ளியிருந்தார்கள். அங்கே குளம் மாதிரி பள்ளம். அதற்கு அப்பால் கம்பிவேலி, உள்ளே வரிசை வரிசையாகச் சூரிய மின்சாரப் பலகைகள்.

மாமாவிடம் சொன்னேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் மடங்காது. சற்று யோசித்துவிட்டு, "ஓடை கெடக்கா?" என்று கேட்டார்.

ஓடை இருக்கிறது என்றேன்.

"அப்பம் வடக்க ஏறச் சொல்லு. அங்கன இன்னொரு மேடு உண்டும்" என்றார்.