பியோலெக்கின் கொலோனில் ஒரு பகல்

பல ஆண்டுகளாக ஜேர்மனியில் வாழ்ந்து வருபவர்களுக்கு அல்பிரெட் பியோலெக்கை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அண்மையில் வந்து குடியேறிய குடும்பங்களுக்காகச் சில வார்த்தைகள். எங்கள் ஊர்களில் ஒரு காலம் இலங்கை வானொலியின் கே. எஸ். ராஜாவையும் பி. எச். அப்துல் ஹமீதையும் நேரில் காணாமலே சொந்தக்காரர் போல நினைத்திருந்தோம் அல்லவா? அப்படித்தான் இந்த நாட்டு மக்கள் பியோலெக்கை நினைத்தார்கள். முழுப் பெயரையும் சொல்லாமல் "பியோ" என்றே அழைத்தார்கள். மூக்குக் கண்ணாடியும் மெல்லிய சிரிப்புமாகத் தொலைக்காட்சியில் தோன்றி, விருந்தினரைப் பேசவிட்டுத் தான் கேட்டுக்கொண்டிருப்பார். 2021 யூலை 23 ஆம் திகதி, தனது 87 ஆவது வயதில், கொலோன் நகரிலேயே காலமானார்.

இவரும் சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பிள்ளைதான் என்ற செய்தியை எங்களுக்குச் சொன்னவர், புதிதாக வந்தவர்களுக்கு டொச் மொழி சொல்லிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அவர் "ரீச்சர்" தான். பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பியோலெக்கின் கொலோனைக் கால்நடையாகவும் படகிலும் காட்டுகிறேன் என்று அவர் சொன்னபோது, பெரியவர்களும் சிறியவர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் சேர்ந்துவிட்டோம். சாப்பாட்டுப் பொதிகள் தனி.

கொலோனை எங்களில் அநேகர் ரெயில் மாறும் இடமாகவே அறிவோம். ஹம் அம்பாள் கோவிலுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடுகிறவர்கள், திருமண வீட்டுக்குச் சேலைப் பெட்டியோடு போகிறவர்கள் எல்லோரும் பிரதான ரெயில் நிலையத்தில் இறங்கி, 157 மீற்றர் உயரத்தில் நிற்கும் தேவாலயத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த மேடைக்கு விரைவார்கள். எங்கள் பயணமும் அங்கேதான் தொடங்கியது. ஆனால் தேவாலயத்துக்குள் போகவில்லை. நிலையத்தின் பக்கத்தில், தண்டவாளங்களுக்குக் கீழே இருக்கும் பழைய மண்டபம் ஒன்றின் வாசலில் ரீச்சர் எங்களை நிறுத்தினார். அதன் பெயர் அல்ற்றர் வார்ட்டசால். "வார்ட்டன்" என்றால் காத்திருத்தல், "சால்" என்றால் மண்டபம், "அல்ற்" என்றால் பழைய. மூன்று சொற்களையும் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்பாகவே பிரித்துச் சொல்லிவிட்டார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு ரெயிலுக்குக் காத்திருந்த பயணிகளின் மண்டபம் இது. 1991 முதல் 2003 வரை இங்கிருந்துதான் "பூல்வார் பியோ" என்ற உரையாடல் நிகழ்ச்சி செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஒளிபரப்பானது. நடிகர்கள், எழுத்தாளர்கள், விளையாட்டு வீரர்கள் மட்டுமல்ல, பேரறியாத சாதாரண மனிதர்களும் வந்து அமர்ந்தார்கள். 1996 இல் அப்போதைய அதிபர் ஹெல்முட் கோலும் வந்தார். பியோலெக் அதிகம் மென்மையாகக் கேள்வி கேட்கிறார், மடக்கிப் பிடிப்பதில்லை என்று பத்திரிகைகள் குறை சொன்னதுண்டு. எங்களுக்கு அது குறையாகப் படவில்லை. இந்த நாட்டுக்கு வந்ததும் எங்களை முதன்முதல் கேள்வி கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒருவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். காத்திருப்பு மண்டபங்களும் எங்களுக்குப் புதிதல்ல. 1980 களில் கிழக்கு பேர்லின் வழியாக வந்த அண்ணைமார் சிலர் அந்த வாசலில் நின்று, தாங்கள் காத்திருந்த வாங்குகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்களை நடக்கவைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

நடந்துகொண்டே ரீச்சர் கதையைச் சொன்னார். பியோலெக் பிறந்தது 1934 யூலை 10 இல், செக்கோசிலோவாக்கியாவின் பிரிஷ்ராட் என்ற சிறு நகரில். ஜேர்மனியர் அதை பிரைஸ்ரட் என்பார்கள். இன்று அது செக் குடியரசின் கார்வினா நகரின் ஒரு பகுதி. தகப்பனார் வழக்கறிஞர். 1938 இல் அந்தப் பகுதியைப் போலந்து எடுத்துக்கொண்டது. 1939 இல் ஹிட்லரின் ஜேர்மனி எடுத்துக்கொண்டது. 1945 இல் மீண்டும் செக்கோசிலோவாக்கியா. ஊர் அசையவில்லை, அதன் மேல் நாடுகள்தான் வந்து வந்து போயின. பதினொரு வயதுக்குள் ஒரு பிள்ளை, ஊரை விட்டு நகராமலே மூன்று நாடுகளைக் கண்டுவிட்டான். போர் முடிந்ததும் அங்கிருந்த ஜேர்மனியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பியோலெக் குடும்பம் 1946 இல் ஸ்ருட்காட்டுக்கு அருகே உள்ள வைப்ளிங்கன் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தது. தகப்பனார் அங்கே வழக்கறிஞர் தொழிலைப் புதிதாக ஆரம்பித்தார்.

எங்களோடு வந்த ஒரு குடும்பம் இங்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்களுடைய மகன் பாடசாலையில் தான் எங்கிருந்து வந்தவன் என்று யாருக்கும் சொல்வதில்லையாம். கேட்டால் "இந்தியா" என்கிறானாம், அதற்குமேல் கேள்வி வராது என்பதற்காக. தாய் இதைச் சொல்லிக் கவலைப்பட்டுக்கொண்டே நடந்தார். பையனோ எங்களோடு சேராமல் இருபது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஆனால் காது பின்னால்தான் இருந்திருக்கிறது. 1934, 1946 என்று ரீச்சர் சொன்ன இரண்டு ஆண்டுகளையும் பிடித்து, திரும்பிப் பார்த்து, "அப்ப அவருக்கு என்ரை வயசு" என்றான்.

"ஓம், கிட்டத்தட்ட உன்ரை வயசுதான் தம்பி" என்றார் எங்களோடு வந்த அண்ணர்.

"அவருக்கு டொச் தெரியும்தானே அண்ணை. எனக்குத் தெரியாமல்தான் வந்தனான்."

அவன் சொன்னது நியாயம். இந்த இடத்தில் நாங்களும் கொஞ்சம் கறாராகத்தான் இருக்க வேண்டும். பியோலெக்கின் கதையை எங்கள் கதையோடு அப்படியே ஒட்டிவிட முடியாது. அப்போது கிழக்கிலிருந்து துரத்தப்பட்டுத் தப்பி வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். உள்ளூர்க்காரர் பலர் அவர்களையும் விரும்பி வரவேற்கவில்லை, ஒரே வீட்டுக்குள் அறைகளைப் பங்குபோட வேண்டிவந்ததில் சண்டைகள் நடந்தன. ஆனாலும் அவர்கள் இந்த நாட்டின் குடிமக்களாகவே ஏற்கப்பட்டார்கள். இழந்த சொத்துக்கு ஓரளவேனும் ஈடு செய்ய 1952 இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. எங்களில் முன்பு வந்தவர்களுக்கு வேலை செய்யத் தடை இருந்தது, மாவட்ட எல்லையைத் தாண்டினால் தண்டப்பணம் இருந்தது, சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் காகிதத் துண்டு இருந்தது. அதோடு, அந்த ஜேர்மனியர்கள் துரத்தப்படுவதற்கு முன்பாக ஹிட்லர் ஆட்சி அந்த நாடுகளில் செய்த அழிவு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்லக்கூடாது என்று ரீச்சரே சொன்னார்.

வால்ராவ் பிளாட்ஸ் என்ற சிறு சதுக்கத்தில் வே.டே.ஏர். எனப்படும் மேற்கு ஜேர்மன் வானொலி தொலைக்காட்சி நிறுவனத்தின் பழைய ஒலிபரப்பு மாளிகை நிற்கிறது. பியோலெக் நேராகத் தொலைக்காட்சிக்கு வந்தவர் அல்லர். தகப்பனாரைப் போலச் சட்டம் படித்து, கலாநிதிப் பட்டமும் பெற்று, 1963 இல் செற்.டே.எவ். தொலைக்காட்சியில் சட்ட அலுவலராகச் சேர்ந்தார். ஒப்பந்தங்களைப் பார்க்கப் போனவர் கமராவுக்கு முன்னால் வந்துவிட்டார்! "மொன்ரி பைதன்" என்ற ஆங்கில நகைச்சுவைக் குழுவை 1970 களின் தொடக்கத்தில் ஜேர்மன் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு கொலோனுக்கு வந்தார், இங்கேயே நிலைத்தார்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் சலித்துவிட்டது. கடைக் கண்ணாடிக்குள் தெரிந்த செம்மஞ்சள் நிற எலிப் பொம்மையைக் கண்டதும்தான் உற்சாகம் வந்தது. "சென்டுங் மிட் டெர் மவுஸ்" என்ற எலி நிகழ்ச்சியும் இந்த வே.டே.ஏர். நிறுவனத்தின் தயாரிப்புத்தான், 1971 மார்ச் முதல் ஞாயிறு காலைகளில் வருகிறது. தொடக்க அறிவிப்பை முதலில் டொச்சிலும் பிறகு வேறொரு மொழியிலும் சொல்வார்கள். புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். பாண் எப்படிச் சுடுகிறார்கள், விமானம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று மெதுவாக, சின்னச் சின்ன வசனங்களில் சொல்வார்கள். மொழி வகுப்பில் வராத சொற்கள் அங்கே வரும்.

பழைய நகரின் ஒழுங்கைகளால் இறங்கினால் ரைன் நதிக்கரை. பிராங்கன்வெர்ப்ட் துறையில் சுற்றுலாப் படகுகள் புறப்படும். படகில் ஏறியதும் முதலில் எல்லோரும் மேல்தட்டுக்கு ஓடினோம், காற்று அடித்ததும் பாதிப் பேர் கீழே இறங்கிவிட்டோம். ரைன் நதி அமைதியாகத் தெரிந்தாலும் நீரோட்டம் வலியது, அதில் குளிக்க இறங்குவது பேராபத்து என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். 1995 சனவரி வெள்ளத்தில் கொலோனில் நீர்மட்டம் 10.69 மீற்றரைத் தொட்டது.

ரெயில் பாலத்துக்கு அப்பால், எதிர்க்கரையான டொய்ட்ஸில், செங்கல் நிறத்தில் நீண்டுகிடக்கும் கண்காட்சி மண்டபங்களை ரீச்சர் காட்டினார். 2010 முதல் ஆர்.ரி.எல். தொலைக்காட்சி அங்கேதான் இயங்குகிறது. அது சிறுவர்களுக்குச் சொன்னது. பெரியவர்களுக்கு அவர் தாழ்ந்த குரலில் சொன்னது வேறு. 1940 மே மாதத்தில் இந்தக் கண்காட்சித் திடலில்தான் சிந்தி, ரோமா மக்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து அடைத்து, கிழக்கே ஏற்றி அனுப்பினார்கள். 1941 ஒக்ரோபரிலிருந்து கொலோன் யூதர்களை ரெயிலில் ஏற்றியதும் அருகில் உள்ள டொய்ட்ஸ் நிலையத்திலிருந்துதான். கொஞ்ச நேரம் படகில் ஒருவரும் பேசவில்லை. படகு தெற்கே திரும்பி, சொக்கலேற் அருங்காட்சியகத்தையும், பாரந்தூக்கி வடிவில் நீரை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் மூன்று கட்டிடங்களையும் கடந்தபிறகுதான் பிள்ளைகளின் சத்தம் மறுபடி எழுந்தது.

சாப்பாட்டுப் பொதிகளைப் படகிலேயே அவிழ்த்துவிடலாம் என்று சிலர் நினைத்தார்கள். படகில் உணவகம் இருப்பதால் அது சரியல்ல என்று ரீச்சர் தடுத்துவிட்டார். கரையில் இறங்கிப் புல்வெளியில் அமர்ந்து இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். ரீச்சர் கையால் சாப்பிட்டார், உறைப்பில் கண் கலங்கினாலும் விடவில்லை. பியோலெக்கின் இன்னொரு நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு அங்கேதான் வந்தது. "அல்பிரெடிஸ்ஸிமோ" என்ற அந்தச் சமையல் நிகழ்ச்சி 1994 முதல் 2007 வரை நடந்தது. பிரபலமான ஒருவரை அழைத்து, இருவருமாக ஆளுக்கொரு கறி சமைத்து, கதைத்து, சாப்பிடுவார்கள். அவ்வளவுதான். இன்று தொலைக்காட்சியைத் திறந்தால் சமையல்தான். அப்போது இப்படி அடுப்படியில் நின்று கதைப்பது புதுமை. எங்கள் வீடுகளில் இது காலங்காலமாக நடப்பதுதானே என்று ஓர் அக்கா சொல்ல, "ஆனால் உங்கள் வீட்டில் ஆண்கள் வெங்காயம் வெட்டுவார்களா?" என்று ரீச்சர் கேட்டார். ஆண்கள் தரப்பிலிருந்து பதில் வரவில்லை.

பியோலெக்கின் வாழ்வில் இன்னொன்றும் நடந்தது. 1991 டிசெம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அவர் ஆண்களை விரும்புபவர் என்பதை, அவரிடம் கேளாமலே வேறொருவர் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். எங்கள் சமூகத்தில் இதைப் பற்றிப் பேசுவது எவ்வளவு சிரமம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே இங்கு எழுதுகிறோம். அவருடைய நிகழ்ச்சிகள் நிற்கவில்லை. கொலோன் மக்களும் அவரைக் கைவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் "பூல்வார் பியோ" தொடர்ந்தது.

ஹொய்மார்க்டில் 7 ஆம் இலக்க ட்ராமில் ஏறினோம். இந்த ட்ராம் மேற்கே ஆகனர் வீதியால் போகும்போது மெலாட்டன் என்ற தரிப்பு வரும். கொலோனின் பெரிய மயானம் அங்கே இருக்கிறது. ஒரு காலம் தொழுநோயாளரை நகருக்கு வெளியே ஒதுக்கிவைத்த இடம் அது. 1810 இல் மயானமானது. கத்தோலிக்கர் அல்லாதவர்களை இங்கே அடக்கம் செய்ய 1829 வரை இடம் கொடுக்கவில்லையாம். இன்று கொலோன் மக்களின் அன்புக்குரிய நாடகக் கலைஞர் வில்லி மில்லோவிட்ச், நகைச்சுவை நடிகர் டிர்க் பாக் ஆகியோரோடு பியோலெக்கும் அங்கே துயில்கிறார். பிரிஷ்ராட்டில் பிறந்தவருக்குக் கொலோன் மண். ஊரில் தாய் தகப்பனைத் தகனம் செய்யும்போது பக்கத்தில் நிற்கக் கிடைக்காதவர்கள் எங்களுக்குள் பலர். ஓர் அம்மா ட்ராமை விட்டு இறங்கியதிலிருந்து ஒன்றும் பேசவில்லை. மரநிழலில் போட்டிருந்த வாங்கில் அமர்ந்து, "என்னையும் இஞ்சைதான் விடுவியள் என்ன?" என்று மகளைக் கேட்டார். மகள், "இப்ப எழும்புங்கோ அம்மா, ட்ராம் வருது" என்றார்.

சிலர் அதே 7 ஆம் இலக்கத்தில் கடைசிவரை, பிரெஷன் என்ற சிறு நகருக்குப் போனார்கள். அங்கே ஒரு பழைய ட்ராம் கொட்டகையில்தான் 1978 முதல் 1982 வரை "பியோஸ் பான்ஹோவ்", அதாவது பியோவின் ரெயில் நிலையம் என்ற மேடை நிகழ்ச்சி நடந்தது. கேற் புஷ் என்ற ஆங்கிலப் பாடகி 1978 பெப்ரவரியில், 19 வயதில், முதன்முதல் தொலைக்காட்சியில் பாடியது அங்கேதான். செவ்வியல் இசையும் பொப் இசையும் ஒரே மேடையில். யாரையும் இது எங்கள் தண்டவாளம் அல்ல என்று திருப்பி அனுப்பவில்லை.

போக விரும்பும் குடும்பங்களுக்கு: காலை பத்து மணிக்கு ரெயில் நிலையத்தில் தொடங்கினால் மாலை நான்குக்கு மெலாட்டன் வந்துவிடலாம். படகு குளிர்காலத்தில் குறைவு, ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை போவது நல்லது. குழந்தை வண்டி கொண்டுபோகலாம், பழைய நகரின் கல் பாவிய ஒழுங்கைகளில் மட்டும் கொஞ்சம் இழுபறி. அந்தப் பையன் பிரெஷனுக்கும் போய்விட்டுத்தான் வந்தான், தாய் வேண்டாம் என்று சொல்லியும்.