ஏழு இருபதிலிருந்து எட்டு மணி வரை

பிரான்ஸ் இன்ரர் என்பது பிரெஞ்சு அரச வானொலி. அதில் வாரநாட்களில் இரவு ஏழு இருபதுக்கு ஒரு நிகழ்ச்சி. அதன் பெயரை 'தொலைபேசி மணி அடிக்கிறது' என்று தமிழில் சொல்லலாம். 1978இல் தொடங்கியது. நாடு அன்றைக்கு எதைப்பற்றிக் கதைக்கிறதோ அதை எடுத்து, விசயம் தெரிந்த இரண்டு மூன்று பேரைக் கலையகத்தில் இருத்தி, நேயர்களைத் தொலைபேசியில் கேள்வி கேட்க விடுவார்கள். எட்டு மணிச் செய்தியோடு முடிந்துவிடும்.

குசினியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த நாற்பது நிமிடத்தின் அருமை தெரியும். எங்களுடைய சாப்பாடு முடிந்து, வெட்டவேண்டியதெல்லாம் வெட்டி, சோஸ் அடுப்பில் ஏறிவிட்டிருக்கும். ஏழரைக்குக் கதவு திறந்தாலும் முதற் கோப்பைகள் கழுவுமிடத்துக்கு வந்துசேர எட்டு மணியாகும். அதன்பிறகு நள்ளிரவுவரை எவர் சொல்வதும் எவர் காதிலும் ஏறாது. எண்ணெய் பிடிக்காமலிருக்கப் பிளாஸ்ரிக் தாளால் சுற்றிய ஒரு சின்ன றேடியோ கழுவுமிடத்துக்கு மேலே தட்டில் இருந்தது. பகலில் ஷெப்பின் பாட்டு. ஏழு இருபதுக்கு நான் திருப்பிவிடுவேன். ஷெப் ஒன்றும் சொல்வதில்லை.

2024 ஜனவரி மாதம் முழுவதும், என் லீவு நாட்கள் தவிர, இதை நான் கேட்டேன். அந்த மாதத்துக்கென்று ஒரு காரணம் இருந்தது. 2023 டிசம்பர் 19ஆந் திகதி பாராளுமன்றம் புதிய குடிவரவுச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அதற்கு எட்டு நாட்களுக்கு முன்னர் அதே சட்டமூலத்தை விவாதத்துக்கே எடுக்காமல் தூக்கியெறிந்ததும் இதே பாராளுமன்றம்தான். திரும்பி வந்தபோது முன்னையதைவிடக் கடுமையாக வந்தது. வந்து, அரசியலமைப்புச் சபையின் தீர்ப்புக்காக ஒரு மாதமளவில் அந்தரத்தில் நின்றது.

எங்கள் குசினியில் ஒரு தம்பி. பெயரை எழுதவில்லை. எழுதுவதென்றாலும் எந்தப் பெயரை எழுதுவது என்றொரு சிக்கல் இருக்கிறது. ஒப்றாவும் அதற்கு மேலேயுள்ள நீதிமன்றமும் அவனுடைய வழக்கை றிஜெக்ற் செய்தபிறகு, தூரத்து உறவினர் ஒருவருடைய காட்டில்தான் அவன் வேலை செய்துகொண்டிருந்தான். முதலாளி, ஷெப், பரிமாறுகிற பெட்டைகள் எல்லோருமே அந்த உறவினரின் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் கூப்பிட்டால் திரும்பமாட்டான். காது கொஞ்சம் மந்தம் என்று ஷெப் நினைத்திருக்கிறார்.

சட்டத்தில் இவனுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. ஆட்பற்றாக்குறையுள்ள தொழிலில் வேலை செய்கிற, விசா இல்லாத ஒருவர், மூன்று வருடம் இந்த நாட்டில் இருந்து, கடைசி 24 மாதத்தில் 12 மாதம் வேலை செய்ததைக் காட்டினால், ஒரு வருடக் காட்டுக்குத் தானே விண்ணப்பிக்கலாம். 2012ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி என்றால் முதலாளி கையெழுத்துப் போட்டுத் தாள் நிரப்பித் தரவேண்டும். இதில் அது தேவையில்லை. கொடுப்பதும் விடுவதும் பிரெபெக்சரின் விருப்பம், அதுவும் 2026 கடைசிவரைதான் என்பதெல்லாம் வேறுகதை. எழுபத்தைந்து கடுமைகளுக்கு நடுவில் ஒரு நல்ல வரி இருந்தால் மனிசர் அந்த வரியைத்தானே படிப்பார்கள்.

"அண்ணை, இண்டைக்கு என்னவாம்?" என்பான், உள்ளிப்பூண்டு உரித்தபடி. எனக்குப் பிரெஞ்சு அவனைவிடக் கொஞ்சம் கூட. அதனால் மொழிபெயர்ப்பு என் வேலை.

பெரும்பாலான நாட்களில் எங்கள் சட்டம் வரவில்லை. ஜனவரி 9இல் 34 வயதில் ஒருவர் பிரதமரானார். ஐந்தாம் குடியரசில் இவ்வளவு இளவயதில் எவரும் ஆனதில்லையாம். அதைச் சில நாட்கள் கதைத்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை வேண்டுமா என்று. 

"உதுக்கும் நாற்பது நிமிசமோ?" என்றான் தம்பி. 

சீருடை வந்தால் ஏழை பணக்காரன் பேதம் தெரியாது என்று சொல்கிறவர்களை எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஒருமுறை அனுப்பிவைக்கவேண்டும். நாங்கள் எல்லோரும் வெள்ளைதான் போட்டோம். எவன் வீட்டில் என்ன இருக்கிறது என்பது சப்பாத்தில் தெரிந்தது, வெள்ளையின் பழுப்பில் தெரிந்தது, மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் தெரிந்தது.

ஜனவரி 16ஆந் திகதி ஜனாதிபதி பத்திரிகையாளரைச் சந்தித்தார். 2023இல் பிரான்சில் பிறந்த பிள்ளைகள் 678,000 என்றும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை என்றும் புள்ளிவிபர நிறுவனம் சொன்ன அதே நாள். நாட்டுக்குச் 'சனத்தொகை மீள்ஆயுதபாணியாக்கம்' வேண்டும் என்றார் அவர். இந்தச் சொல்லை இங்கே பலபேர் கண்டித்தார்கள், குறிப்பாகப் பெண்கள். பெண்ணின் வயிறு அரசுக்குச் சொந்தமில்லை என்பது அவர்களுடைய வாதம். நியாயமான வாதம். ஆனால் எனக்கு அந்தச் சொல் வேறிடத்தில் பட்டது. வீட்டுக்கொரு பிள்ளை என்று கேட்டு, பிறகு கேட்காமலே பிடித்துக்கொண்டுபோன நாட்களை வன்னியில் கண்டவர்களுக்குப் பிள்ளையையும் ஆயுதத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்தால் எப்படியிருக்கும்? தம்பிக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவனுடைய அக்கா 2009 ஏப்ரலில் போனவ. "பிள்ளை குறைஞ்சுபோச்சாம்" என்று மட்டும் சொன்னேன். "அப்ப எங்களை வைச்சிருக்கலாம்தானே" என்றான்.

மாதத்தின் பிற்பாதியை விவசாயிகள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், நான் முழுமனதோடு கேட்டது அவர்களைத்தான். ஜனவரி 18இல் துலூசுக்குத் தெற்கே ஏ 64 நெடுஞ்சாலையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி மறித்தார்கள். அதற்கு முன்பே, 2023 இலையுதிர்காலத்திலிருந்து, ஊர்ப்பெயர்ப் பலகைகளைக் கழற்றித் தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். 'தலையால் நடக்கிறோம்' என்பது பொருள். மாத முடிவில் உழவு இயந்திரங்களோடு வந்து பாரிசைச் சுற்றிய பாதைகளை அடைத்தார்கள். எங்களுக்கு மரக்கறி வருகிற றுங்கிஸ் மொத்தச் சந்தையை மறிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அரசாங்கம் அங்கே கவச வாகனங்களை நிறுத்தியது. ஷெப் அரைவாசிப் பதட்டமும் அரைவாசிப் பெருமையுமாக இருந்தார். அவருடைய தகப்பன் மாடு வைத்திருந்தவர்.

என் தகப்பன் வெங்காயம் வைத்தவர். புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண். அறுவடை நேரம் பார்த்துக் கொழும்பில் இறக்குமதியைத் திறந்துவிடுவார்கள். கிண்டின வெங்காயம் முடிச்சாக வீட்டுக் கூரையில் தொங்கும், வாங்க ஆளிராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்து விட்டுவந்த பொருளியலில் நான் விளங்கிக்கொண்ட ஒரே அத்தியாயம் இதுதான், அதுவும் வீட்டுக் கூரையைப் பார்த்து விளங்கியது. அதனால், விளைவிப்பதற்கு ஆகும் செலவைவிடக் குறைத்துப் பேரங்காடிக்காரன் விலை வைக்கிறான் என்று இங்கத்தையவன் பொருமினபோது, பிரெஞ்சில் ஒரு சொல்லும் தடக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உரம், டீசல், பால்விலை, பிரசெல்ஸ் என்று எல்லாம் வந்தது. திராட்சையும் அஸ்பராகசும் யார் கையால் பிடுங்கப்படுகிறது என்பது நான் கேட்ட இரவுகளில் வரவில்லை. மாலி நாட்டுப் பெரியவர் ஒருவர் எங்களோடு கழுவுமிடத்தில் நிற்கிறவர். 2008 ஏப்ரலில் விசா இல்லாத தொழிலாளர் சேஜேதே தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் காட் எடுத்தவர். அவர் சொன்னார்: "பாதையை அடைக்கிறவனுக்குத்தான் றேடியோ." அவரும் அந்தக்காலத்தில் தான் வேலைசெய்த றெஸ்ரோரன்ரின் வாசலை அடைத்துக்கொண்டு படுத்தவர்தான்.

இந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் ஒருவர் சொல்லி முடிக்கிறவரை மற்றவர் பொறுத்திருப்பது. எப்போதுமில்லை, பெரும்பாலும். நான் வளர்ந்த வீட்டில் வானொலி என்பது கேட்பதற்கு மட்டும். தொண்ணூறுகளில் பற்றறிக்குத் தடையிருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி, இரவு ஒன்பதேகாலுக்குப் பி.பி.சி. தமிழோசை கேட்டதை அப்பா கதைகதையாகச் சொல்லுவார். பெடல் சுற்றுகிறவனுக்குக் கேள்வி கேட்க நேரமேது? வன்னியில் வானொலி சொல்லும், சனம் கேட்கும். இங்கே வந்தபிறகு தமிழ் வானொலிகளுக்கும் தொலைபேசி வந்தது. வந்தும் என்ன, முதல் இரண்டு நிமிடம் வணக்கமும் வாழ்த்தும், மிச்சத்தில் அறிவிப்பாளர் ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்லல். மாறாக ஏதேனும் சொல்ல நினைத்தவன் வேறு பெயரில் எடுத்தான், அல்லது எடுக்கவில்லை. 1994 மே 1ஆந் திகதி சபாலிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டது இந்தப் பாரிசில்தான். அதற்குப்பிறகு சொந்தப் பெயரில் கதைப்பதற்கு ஆட்கள் யோசித்ததில் ஆச்சரியமில்லை.

இதனாற்தான் தம்பி ஒருநாள், "அண்ணை, நாங்கள் எடுத்துக் கேட்டால் என்ன?" என்றபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. நேரத்தோடு எடுத்துக் கேள்வியைச் சொல்லவேண்டும். பெயரும் ஊரும் கேட்பார்கள். பொருத்தமென்றால் அவர்களே திருப்பி எடுப்பார்கள். கேள்வி அவனிடம் ஆயத்தமாக இருந்தது. முதலாளியின் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள், சரி. ஆனால் பன்னிரண்டு சம்பளச் சிட்டை வேண்டும். அவனிடம் முப்பத்தொன்று இருக்கிறது. எல்லாம் மற்றவருடைய பெயரில். அந்தப் பெயரில் வேலை செய்தது நான்தான் என்று யார் எழுதித்தருவது? முதலாளி. கையெழுத்து வாசலால் போய் யன்னலால் வந்துவிட்டது.

பாரிஸ் குசினிகளில் எத்தனைபேர் இந்தக் கேள்வியை வைத்திருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் கேட்ட அந்த மாதத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கேட்கவேண்டியவன் 'உங்கள் பெயர்?' என்ற முதற்கேள்வியில் நின்றுவிடுகிறான். "நான் என்ர பெயரிலை கேக்கிறன்" என்றேன். அவன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, குரலை வைத்து இந்த றெஸ்ரோரன்ற் என்று கண்டுபிடித்தால் அந்த உறவினருடைய காட்டுக்கும் ஆபத்து வந்துவிடும் என்றான். குரலை வைத்து எவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

ஜனவரி 25, வியாழக்கிழமை, பின்னேரம் தீர்ப்பு வந்தது. 86 பிரிவுகளில் 35ஐ முழுதாகவோ பகுதியாகவோ வெட்டிவிட்டார்கள். அவற்றில் 32ஐ வெட்டியது அநியாயம் என்பதற்காகவல்ல, மூல மசோதாவோடு சம்பந்தமில்லாமல் இடையில் செருகப்பட்டவை என்பதற்காக. நாளைக்கு வேறொரு மசோதாவில் ஒழுங்காகச் செருகிக்கொண்டு வரலாம். அன்றிரவு தம்பி எண்ணெய் ரின்னின்மேல் குந்தியிருந்து என் வாயைப் பார்த்தான். எங்கள் பிரிவு தப்பியிருந்தது. சொன்னேன். "பட்டியல்?" என்றான். அப்போதிருந்த 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் றெஸ்ரோரன்ற் வேலை இல்லை. சமையலுக்கு ஆள் இல்லை என்று முதலாளிமார் அழுதுகொண்டிருந்த நாட்டில், பட்டியலில் சமையற்காரன் இல்லை.

மார்ச் 1ஆந் திகதி அந்தப் பட்டியலை மாற்றினார்கள். சேர்த்தது விவசாயத் தொழில்களை. மாலிப் பெரியவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பல பிராந்தியங்களில் சமையற்காரரையும் சேர்த்த பட்டியல் 2025 மே மாதத்தில்தான் வந்தது. அதற்கிடையில், 2025 ஜனவரியில், 2012ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையும் எடுத்துவிட்டு, ஏழு வருடம் இருந்திருக்கவேண்டும் என்கிற புதியதொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

தம்பி முதலாளியிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டான். நானும் கூடப் போனேன். அவர் கெட்ட மனிதரில்லை, பெருநாளுக்கு எங்களுக்கு வைன் தருகிறவர். தன்னிடம் வேலை செய்கிறவரின் பெயர் காட்டில் இருக்கிற பெயர்தான், வேறொருவரையும் தனக்குத் தெரியாது என்றார். சொல்லும்போதே தம்பியின் தோளில் கைபோட்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆறுதல்படுத்தினார்.

இரண்டு மாதத்தில் தம்பி அங்கிருந்து விலகிவிட்டான். சொந்தப் பெயரில் எடுக்கிற, காட் கேட்காத ஒரு இடம் தேடி ஒருவருடத்துக்கு மேல் அலைந்தான். இப்போது புறநகரில் ஒன்றில் சலாட் வெட்டுகிறான். எட்டுச் சம்பளச் சிட்டை சேர்ந்திருக்கிறது, இன்னும் நான்கு வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒன்றை விரித்துக் காட்டினான். பெயரில் ஓர் எழுத்துப் பிழை. எட்டிலும் அதே பிழை.

"இதை றேடியோவிலை கேக்கலாம்தானே, அண்ணை?" என்றான். "இது என்ர பெயர்தானே."