வேலியோரத்தில் கற்ற வேட்டை

பிப்ரவரி மாதத்துக் கனடா வாத்தை ஏய்ப்பது எளிதல்ல. செப்டம்பரில் கனடாவில் வேட்டைப் பருவம் தொடங்கியதிலிருந்து வழியெல்லாம் வெடிச்சத்தம் கேட்டு, பொம்மை வாத்துகளைப் பார்த்துச் சலித்துத்தான் அது அமெரிக்காவின் கேன்சாஸ் மாநிலத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். நூற்றுக்கணக்கான பொம்மைகளை இழுவை வண்டியில் ஏற்றி வருகிறவர்களே வெறுங்கையோடு திரும்புகிற மாதம். நான் வேட்டை பழகியது அந்த மாதத்தில். கையில் ஒரு பழைய பம்ப் துப்பாக்கி, வாத்து உருவில் வெட்டிய ஒரு டஜன் தட்டைப் பொம்மைகள், ஒரு சாக்குத்துணி. சொந்த நிலம் கிடையாது. நிலம் வைத்திருக்கும் நண்பர்களும் கிடையாது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற கோதுமை விவசாயி. முதலில் துப்பாக்கியைத் தொடவே விடவில்லை. பைனாகுலரைக் கொடுத்து, மாலை நேரங்களில் மண் சாலையோரம் காரில் உட்காரவைத்தார். வாத்துகள் எந்தக் குளத்திலிருந்து எழுகின்றன, எந்த வயலில், அதன் எந்த மூலையில் இறங்குகின்றன, அப்போது காற்று எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். கடுங்குளிரில் வாத்துகள் விடியலில் கிளம்பாது. வெயில் ஏறும்வரை தண்ணீரிலேயே கிடந்துவிட்டு, உடம்புக்குச் சூடு தரும் தானியத்தைத் தேடி அறுத்த மக்காச்சோளக் காட்டுக்குப் போகும். பனி உருகத் தொடங்கினால் பச்சைக் கோதுமைப் பயிர் பக்கம் திரும்பும். நான் கற்றதில் பாதிக்குமேல் இந்தப் பார்த்தல்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது வரைபடம். கேன்சாஸில் பெரும்பாலான நிலம் தனியார் கையில் இருக்கிறது. ஆனால் 1995 முதல் மாநில அரசு விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து, அவர்கள் நிலத்தில் பொதுமக்கள் நடந்துபோய் வேட்டையாட வழிசெய்து வருகிறது. வண்டியை வெளியே நிறுத்திவிட வேண்டும், சுமப்பதெல்லாம் தோளில்தான். அந்த நிலங்களிலும் ஒரு பகுதி ஜனவரி 31-ஆம் தேதியோடு மூடப்படும். மார்ச் 31 வரை திறந்திருப்பவை மட்டுமே எங்களுக்கு மிஞ்சும். வாத்துகள் விரும்பும் வயலே கிடைப்பது அபூர்வம். குளத்திலிருந்து அந்த வயலுக்குப் போகும் வான்வழிக்குக் கீழே ஒரு வேலியோரம் கிடைத்தால் அதுவே போதும்.

ஒரு டஜன் பொம்மை போதுமா என்ற என் கவலைக்கு வாத்துகளின் வாழ்க்கையிலேயே பதில் இருந்தது. கனடா வாத்து வாழ்நாள் இணையோடு வாழ்வது. குளிர்காலம் முடியும் தறுவாயில் பெரிய கூட்டங்கள் உடைந்து, இணைகளும் சிறு குடும்பங்களுமாகப் பிரியத் தொடங்கும். அப்போது நூறு பொம்மை நெருக்கி நட்ட வயலைவிட, இரண்டும் மூன்றுமாக விலகி நிற்கும் சில பொம்மைகள்தான் இயல்பாகத் தெரியும். வாத்து காற்றை எதிர்த்தே இறங்கும். அதனால் காற்று நம் முதுகுப்புறம் இருக்கும்படி படுத்து, முன்னால் இறங்குவதற்கு இடம் விட்டு நட வேண்டும். சாக்குத்துணியில் அந்த வேலியோரத்துப் புல்லையே செருகிப் போர்த்திக்கொள்வோம். அண்ணாந்த முகத்தை அவை வெகுதூரத்திலிருந்தே கண்டுகொள்ளும். தொப்பி விளிம்புக்குக் கீழிருந்து பார்க்கப் பழகுவதற்குள் எனக்குக் கழுத்து விட்டுப்போனது. வாத்துபோல் ஒலியெழுப்பும் கூவல் குழலை அவர் அதிகம் ஊதவிடமாட்டார். நம்மை நோக்கி வருகிற வாத்திடம் பேசாதே என்பார்.

சுடுவதில் அவருடைய கண்டிப்பு இன்னும் அதிகம். கடைசிப் பொம்மை 35 கஜத்தில் நிற்கும். அதற்கு அப்பால் இருப்பது எவ்வளவு பெரிய வாத்தானாலும் விசையில் விரல் வைக்கக்கூடாது. நீர்ப்பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கி நஞ்சேறிச் சாவதால், 1991 முதல் அவற்றின் வேட்டையில் ஈயத்துக்கு அமெரிக்கா முழுவதும் தடை. இப்போது பரவலாகப் பயன்படும் எஃகுக் குண்டு ஈயத்தைவிட லேசானது, தூரம் போகப்போக வேகமாக வலுவிழக்கும். தொலைவில் சுட்டால் வாத்து விழாது. காயத்தோடு பறந்து எங்கோ போய்ச் சாகும். அதைவிடக் கேவலமான காரியம் வேட்டையில் இல்லை.

ஒரு முற்பகலில் ஐந்து வாத்துகள் தாழ்ந்து வந்து, ஒருமுறை சுற்றி, சிறகை வளைத்துக் கால்களைத் தொங்கவிட்டன. அவர் என் தோளைத் தட்டினார். ஒன்று விழுந்தது. மற்றவை எழுந்து போகும்போது அவர் சுடவில்லை. அன்றைக்கு அது போதும் என்றார். மார்புக்கறி மாட்டிறைச்சிபோல் கருஞ்சிவப்பு; மிளகு வறுவலுக்கு ஏற்றது. தொடைக்கறியைக் குக்கரில் நன்றாக வேகவைக்க வேண்டும்.

பிப்ரவரி நடுவில் கனடா வாத்துப் பருவம் முடிந்ததும் பனிவாத்து வேட்டை தொடங்கி ஏப்ரல் 30 வரை நடக்கும். பனிவாத்துகள் பெருகி ஆர்க்டிக் நிலத்தின் புல்பூண்டை வேரோடு பிடுங்குவதால் 1999-இல் வந்த சிறப்பு ஏற்பாடு அது. எண்ணிக்கை வரம்பே கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கில் கூடிப் பறக்கும் அந்தப் பறவையை ஒரு டஜன் பொம்மை அசைக்காது. அந்த வேட்டைக்கு எங்களைப் போன்றவர்கள் ஆசைப்பட வேண்டாம் என்பதே என் கருத்து.

புதிதாக வர நினைப்பவர்களுக்கு: கேன்சாஸில் 1957 ஜூலை 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மத்திய அரசின் நீர்ப்பறவை முத்திரையும் கட்டாயம். 2022 முதல் பறவைக் காய்ச்சல் பரவியிருப்பதால் செத்துக் கிடக்கும் வாத்தைத் தொடாதீர்கள். சுட்ட வாத்தைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். பொம்மைகளுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்கள்.