பார்க்காத மண்ணுக்கு ஒரு கையெழுத்து

மகள் பட்டயப் பொறியியலாளராவதற்குத் தயாராகிக்கொண்டிருந்த 2019ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கோப்பை வைக்க இடமிருக்கவில்லை. பேராதனையில் பட்டம் எடுத்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். பட்டத்துக்குப் பிறகு வருடக்கணக்கில் மூத்த பொறியியலாளர்களின் கீழ் வேலை செய்ய வேண்டும். என்ன செய்தாய், எந்தத் தீர்மானத்தை நீயே எடுத்தாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு இலங்கைப் பொறியியலாளர்கள் நிறுவகத்தில் பெரியவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, எழுதியதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

"கணக்குப் பிழைச்சா திருத்தலாம் வாப்பா. ஏன் இப்பிடிச் செஞ்சீங்க எண்டு கேக்கிறதுக்குத்தான் பயம்" என்றாள்.

அவள் அதைச் சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். காரணம் அவளுக்குத் தெரியாது.

நான் பதுளையில் முப்பது வருடம் வீட்டுப் படம் வரைந்தவன். சனங்களுக்கு நான் 'ப்ளேன் நானா'. சுவர், வாசல், ஜன்னல், மாடிப்படி எல்லாம் என் கையால் வரும். தூணுக்கும் பீமுக்கும் கம்பி எத்தனை என்பதை மட்டும் பொறியியலாளர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு சரிவில் இரண்டு தட்டு வீட்டுக்குப் படம் வரைந்தேன். பொறியியலாளர் ஒருவர், பெயர் வேண்டாம், அவரும் இப்போது இல்லை, பாதையோரத்தில் வாகனத்தை நிறுத்தி, பொனட்டின் மேல் வைத்து ஐந்து படங்களுக்கு ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். இடம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உறையைக் கொடுத்தேன். அந்த இடத்தை நானே பார்த்திருக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு கொப்பித்தாளில் கீறிக் கொண்டுவந்த அளவை வைத்துத்தான் வரைந்தேன்.

இதை நான் பதினைந்து வருடம் நினைத்துப் பார்த்ததே இல்லை. 2014 ஒக்டோபர் 29 வரைக்கும்.

அன்று காலை ஏழரை மணியை அண்டி, கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயன்கள், கோயில், பாதை எல்லாம் மண்ணுக்குக் கீழே. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்று செய்தி வந்தது. பிறகு எண்ணிக்கை நாற்பதுக்குக் கீழே இறங்கியது. அதில் பலரின் உடல் கிடைக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வரும்போது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஊர்ப் பொடியன்மாரோடு சோற்றுப் பார்சல்களை ஏற்றிக்கொண்டு போனேன். சனங்களைக் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளில் வைத்திருந்தார்கள். ஒரு வகுப்பறை வாசலில் என் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்சலை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்: "எடம் நல்லாயில்லன்னு ரெண்டு தரம் சொன்னாங்க ஐயா. எங்க போறதுன்னு ஒருத்தரும் சொல்லல்லியே?"

அவர் சொன்னது உண்மை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. நிலம் தோட்டத்துடையது. போய்க் குந்துவதற்கு அவர்களுக்கு ஒரு பேர்ச் காணி கிடையாது. எச்சரிக்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது?

திரும்பி வரும்போது வாகனத்தை நிறுத்தச் சொல்லி அந்த ஹல்துமுல்லை வீட்டைப் போய்ப் பார்த்தேன். நின்றது. பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கவும் இடமில்லை. தண்ணீர் போகக் கான் இல்லை. மாடியில் சின்னப் பிள்ளையின் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் என்னைக் கண்டு சந்தோஷமாக வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். பின்னால் கான் வெட்டுங்கள், மழைக்கு இங்கே படுக்காதீர்கள் என்றேன். "ஏன் நானா, எஞ்சினியர் சைன் வெச்ச வீடுதானே?" என்று சிரித்தார்.

மீரியபெத்த லயன்களுக்கு அந்த ஒரு கையெழுத்துக்கூட இருந்திருக்காது என்று அன்றிரவு யோசித்தேன். டவுனில் ஒரு கக்கூஸ் கட்டினாலும் படம் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராக்களை வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் கட்டினார்கள், தலைமுறை தலைமுறையாகச் சனங்கள் இருந்தார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை வேலை செய்ய வழி விடவில்லை. அது திருத்தப்பட்டது 2018இல்தான். மீரியபெத்தச் சனங்களுக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்க 2016 ஒக்டோபராகிவிட்டது. அந்த இரண்டு வருடமும் பலர் ஒரு பழைய தேயிலை ஃபெக்டரிக்குள் இருந்தார்கள்.

பரீட்சைக்குப் படிக்கும் மகளிடம் ஒருநாள் இரவு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொன்னாள்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் வில்லியம் முல்ஹோலண்ட். பல்கலைக்கழகம் போகாமல் தானாகப் படித்து மேலே வந்தவர். அவர் கட்டிய சென் பிரான்சிஸ் அணையில் கலங்கல் தண்ணீர் கசிகிறது என்று 1928 மார்ச் 12 காலையில் காவற்காரர் அழைத்தார். போய்ப் பார்த்து, பயமில்லை என்றார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்து நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழியை வேறு யார் மேலும் போடாதீர்கள் என்று அவர் தானே ஏற்றுக்கொண்டார். அடுத்த வருடமே கலிபோர்னியாவில் சிவில் பொறியியலாளர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. கட்டமைப்புப் பொறியியலாளருக்கென்று வேறாக அனுமதிப்பத்திரம் வைக்கும் வழக்கத்தை இலினோய் மாநிலம் 1915இலேயே தொடங்கியிருந்தது.

"அணையில ஒரு பக்கம் எதுக்கு மேல நிண்டது தெரியுமா வாப்பா? பழைய மண்சரிவுக்கு மேல. அது தெரிய வர அறுவது வருஷத்துக்கு மேல போச்சு."

மீரியபெத்தயில் இறங்கியதும் அப்படிப்பட்ட மண்தான். எப்போதோ மேலிருந்து உருண்டு வந்து தேங்கிய கல்லும் மண்ணும், பார்த்தால் நல்ல தேயிலை நிலம். மழைநீர் உள்ளே ஊறி நிறையும்போது அது தன் பாரத்தைத் தானே தாங்காது. தூணுக்குக் கம்பி கணக்குப் பார்ப்பவருக்கு இது படத்தில் தெரியாது. காலால் நடந்து பார்க்க வேண்டும், சாய்ந்து நிற்கும் மரத்தையும் புதிதாக வரும் ஊற்றையும் பார்க்க வேண்டும், தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்க வேண்டும்.

எங்கள் நாட்டில் கட்டமைப்புக்கென்று அப்படித் தனி அரச பரீட்சை இல்லை. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தோடு பொறியியல் பேரவை வந்தது. பதிவில்லாமல் பொறியியலாளராக வேலை செய்வது இப்போது குற்றம். மலைநாட்டில் வீடு கட்ட, கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் கேட்கிறார்கள். நல்லது. ஆனால் பொனட்டில் கையெழுத்து வைத்தவரும் முறைப்படி பட்டயம் பெற்றவர்தான். அவரிடம் குறைந்திருந்தது பத்திரமல்ல.

மகள் தேறினாள். ஊரில் கிரிபத்தும் கொக்கிசும் பரிமாறினோம். அடுத்த மாதமே என் மச்சான் படத்தோடு வந்துவிட்டார். பசறைப் பாதையில், சரிவில் இருக்கும் தன் வீட்டுக்கு மேல்தட்டு. மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் தட்டைக் கேட்கிறார்கள்.

"மகள், மாமாக்கு ஒரு சைன்தானே?"

அவள் அடுத்த வெள்ளிக்கிழமை போனாள். அரைநாள் சுற்றிப் பார்த்தாள். அத்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தாள். வந்து, "ஏலாது மாமா. மேல ஏத்தாதீங்க. பின்னுக்கு உள்ள மண்ணெ முதல்ல பாக்கணும்" என்றாள்.

மச்சான் அவளோடு ஒன்றும் பேசவில்லை. என்னிடம்தான் கேட்டார்: "நீங்க எத்தினெ பேருக்கு சைன் எடுத்துக் குடுத்தீங்க மச்சான்? எனக்கு மட்டுமா சட்டம்?" என் பொஞ்சாதி அழுதாள். அவளுடைய கூடப்பிறந்த நானா. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன சொல்வது? அவர் கேட்டது சரியான கேள்வி.

வேறொருவர் கையெழுத்து வைத்தார். தட்டு எழும்பியது. கலியாணத்துக்கு எங்களுக்கும் சொன்னார்கள், கடைசியாக. மகள் போனாள். மணமகளுக்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டாள். மச்சான் அவளைப் பார்த்து, "வீடு நிக்கிது மகள்" என்றார். அவள், "அல்ஹம்துலில்லாஹ் மாமா" என்றாள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல் வந்து, பதுளை மாவட்டத்தில் எத்தனையோ இடங்களில் மலை இறங்கிய அந்த இரவுகளில் ஃபோன் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள்தான் லைன் கிடைத்தது. எல்லோரும் பள்ளிவாசல் மண்டபத்தில் இருக்கிறார்கள், வீடு நிற்கிறது, பின்சுவரில் ஒரு வெடிப்பு, விரல் போகும் அளவு என்றார் மச்சான். கொஞ்சம் நின்று, "மகள் ஈக்கிறாவா?" என்று கேட்டார்.

ஃபோனைக் கொடுத்தேன். அவள் கொப்பியை எடுத்து, வெடிப்பு மேலே அகலமா கீழே அகலமா, குத்தாகப் போகிறதா சரிந்து போகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். பாதை திறந்ததும் வருகிறேன், அதுவரைக்கும் சாமான் எடுக்கவும் உள்ளே போக வேண்டாம் என்றாள்.

நான் ஹல்துமுல்லை இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பழைய கொப்பியில் இருந்தது. அது இப்போது பாவனையில் இல்லை.