காப்பார் வெயிலில் ஆக்சலாட்டல்

மலேசியாவின் காப்பாரில் மதியம் 32, 33 டிகிரி. ஆக்சலாட்டல் என்ற நீர்வாழ் சாலமாண்டருக்கோ 16 முதல் 18 டிகிரிதான் சுகம். 2,240 மீட்டர் உயரத்தில், மெக்சிகோ நகரத்துச் சொச்சிமில்கோ கால்வாய்களில் பிறந்த இனமாச்சே! அங்கே இப்போது அழிவின் விளிம்பில். 1864-இல் பாரிசுக்குப் போனவற்றின் வாரிசுகள்தான் உலகமெங்கும் தொட்டிகளில் பெருகுகின்றன.

அதனால் நம் வீட்டில் முதல் செலவு தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். கரண்டு பில் பற்றிக் கேட்காதீர்கள்.

முட்டையிட்டால்தான் உண்மையான வேலை. நூற்றுக்கணக்கில் செடிகளில் ஒட்டிவிடும். தாய் தகப்பனை உடனே பிரிக்க வேண்டும், தின்றுவிடும். குஞ்சுகள் முதலில் அசையும் இரையை மட்டுமே கவ்வும், ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால்களைப் பொரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பசித்தால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். (திரும்ப முளைக்கும், சரி.) வளர்க்க ஆள் கிடைக்காதென்றால் முட்டைகளை அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

சில்லர் வாங்க மனமில்லையா? கப்பி மீன் வளருங்கள்.