எடையறிதல்

பாலக்காட்டு மாவட்டத்தின் கீழ்க்கோடியிலுள்ள கொழிஞ்சாம்பாறை சமவெளி ஊர். அங்கிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் வழியில் மாநில எல்லை குறுக்கிடுமேயன்றி மலை குறுக்கிடுவதில்லை. அவ்வூரில் தமிழாசிரியராக இருந்த நம் தந்தையார் 1986-ஆம் ஆண்டில் ஒரு புல்லட் வண்டி வாங்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது நெல்வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே நிதானமாக ஓடியது. தந்தையார் மறைந்தபின் வண்டி நம் கைக்கு வந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், 2022-ஆம் ஆண்டில் இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை வட்டத்திற்கு மாற்றலானபோது, குடும்பத்தோடு அவ்வண்டியையும் மலையேற்றினோம்.

நாம் குடியேறிய பூப்பாறையில் எங்கு திரும்பினும் ஏலக்காய்த் தோட்டம். எங்கு காது கொடுப்பினும் தமிழ். நாள்தோறும் விடியற்காலையில் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து தோட்டத் தொழிலாளப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறி வருவதைக் காணலாம். அம்மலைப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நம் அன்னையாரின் இளைய சகோதரி வாழ்க்கைப்பட்ட ஊர் போடி. ஆதலின் திங்களுக்கு ஒருமுறையேனும் அன்னையாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு அவ்வழியே இறங்கி ஏறுவது நம் வழக்கமாயிற்று. பேருந்தின் நெரிசல் அவருக்கு ஒத்துவராது. மகன் முதுகைப் பிடித்துக்கொண்டு செல்வதே அவருக்கு மகிழ்ச்சி.

மலைக்கு வந்த ஆறு திங்களுக்குள் வண்டியின் பின்புறம் தளர்ந்தது. பள்ளத்தில் இறங்கினால் மேலே எழும்; எழுந்தது அடங்காமல் தொட்டிலைப் போல் ஆடும். பின்புறத்து ஷாக் அப்சார்பர்கள் இரண்டிலும் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. மாற்றியாக வேண்டும் என்பது தெளிவாயிற்று. எதை மாற்றுவது என்பதில்தான் நாம் பிழைபட்டோம்.

அப்பிழையைச் சொல்லுமுன் அக்கருவியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்திற்கு வில் பொருத்துவது தொடக்கத்திலேயே வந்த ஏற்பாடன்று. நெடுங்காலம் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியிலிருந்த வில்லே அவர் உடலைக் காத்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார், பின்சக்கரம் மேலும் கீழும் அசையுமாறு அமைத்த புல்லட் வண்டியை 1948-ஆம் ஆண்டில் போட்டிக்களத்தில் இறக்கினர். அடுத்து அதனைப் பொதுமக்களுக்கும் விற்றனர். அவ்வண்டியே 1955-இல் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வாயிலாகச் சென்னைத் திருவொற்றியூரை அடைந்தது. நம் தந்தையாரின் வண்டி அவ்வழி வந்ததே.

ஷாக் அப்சார்பரை அதிர்வுதாங்கி என்று தமிழில் வழங்கலாம். அதனுள் இரு வேறு பணிகள் நடைபெறுகின்றன. வெளியே தெரியும் சுருள்வில் எடையைத் தாங்குகிறது. ஆயின் வில்லுக்கு ஓர் இயல்பு உண்டு. பெற்றதைத் திருப்பித் தந்துவிடும். பள்ளத்தில் அமுங்கிய வில், அதே விசையோடு நம்மை மேலே எறியும். அவ்வெறிதலை அடக்குவது உள்ளேயிருக்கும் எண்ணெய். சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்குண்டு பாயும்போது அதிர்வின் விசை வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது. எண்ணெய் வடிந்துவிட்டால் வில் மட்டுமே எஞ்சும். வண்டியின் பின்புறத்தை ஓங்கி அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே உயிரில்லை என்று கொள்க.

இவற்றுள் ஒன்றையும் அறியாமல் நாம் கோயம்புத்தூரில் ஒரு கடைக்குச் சென்றோம். பளபளக்கும் குரோமியப் பூச்சும் தடித்த சுருளும் கொண்ட ஓர் இணை கண்ணைக் கவர்ந்தது. பழையதைவிட ஓர் அங்குலம் நீளமாகவும் இருந்தது. மலைப்பாதைக்குக் கடினமான வில்லே தகும் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். வண்டி நிமிர்ந்து நிற்பதைக் கண்டு அலுவலக நண்பர்கள் பாராட்டினர். ஆயின் ஓட்டத்தில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் எண்ணப்பட்டது. மழைநாளில் வளைவு திரும்பும்போது பின்சக்கரம் சாலையைப் பற்றாமல் துள்ளிற்று. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பயணங்களுக்குப் பிறகு, "இந்த மாசம் வேண்டாங் கண்ணு, தங்கச்சிய வேணும்னா இங்க வரச் சொல்லு" என்றார். அடுத்த திங்களும் அதுவே சொன்னார். வயதின் சோர்வு என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

போடியில் பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரின் பட்டறைக்குச் செயினை இறுக்குவதற்காகச் சென்றிருந்தோம். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். சென்டர் ஸ்டாண்டு போட்டும் பின்சக்கரம் தரையிலேயே ஊன்றியிருப்பதைக் காட்டினார். "நீளமானதப் போட்டு வண்டியக் குப்புறச் சாச்சுவச்சிருக்கீக தம்பி" என்றார். பின்புறம் உயர்ந்தமையால் முன்புறம் தாழ்ந்து கைப்பிடி நிலைகொள்ளாமல் திரும்புவதையும், செயினின் இறுக்கம் மாறியதையும் விளக்கினார். பிறகு கேட்டார்: "பின்னாடி யாரு உக்காருவாக?"

"எங்க அம்மாண்ணே."

"அவுக எடை எம்புட்டு?"

நமக்கு விடை தெரியவில்லை. வண்டி எடுத்த ஆண்டு, எஞ்சின் எண், லிட்டருக்கு ஓடும் தொலைவு ஆகிய அனைத்தும் நாவின் நுனியில் இருந்தன. நாற்பத்தைந்து வயதுவரை நம்மைச் சுமந்த அன்னையின் எடை தெரியவில்லை.

"எடை தெரியாம வில்லு எடுக்கக்கூடாது தம்பி. நிறுத்துப்புட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

பூப்பாறையில் ஏலக்காய் வாங்கும் கடையின் தராசில் அன்னையாரை ஏறி நிற்கச் சொன்னோம். "என்ன கண்ணு, என்னையும் ஏலத்துல விடப்போறியா?" என்று சிரித்தபடியே ஏறினார். 47 கிலோ காட்டிற்று. வீட்டிற்கு வந்து, கொழிஞ்சாம்பாறையில் இரண்டாண்டுகளுக்கு முன் மருத்துவர் எழுதித் தந்த சீட்டைத் தேடியெடுத்தோம். அதில் 58 என்றிருந்தது. 11 கிலோ எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்த நாமும் கேட்கவில்லை. மறுநாளே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. இரவில் பலமுறை எழுவதும், நாவறட்சியும், கால் எரிச்சலும் பல திங்களாக இருந்தன என்று அப்போதுதான் மெல்லச் சொன்னார். மாற்றலாகி வந்த ஊரில் மகனுக்குத் தொல்லை தரலாகாது என்பது அவர் எண்ணம்.

மாத்திரைகள் தொடங்கிய பின்னரே பட்டறைக்குச் சென்றோம். முதியவர் முதலில் ஸ்விங் ஆர்மின் புஷ்களை அசைத்துப் பார்த்தார்; அவை தேய்ந்திருப்பின் எத்தகைய அதிர்வுதாங்கியும் பயன் தராது என்றார். பழைய இணையை எடுத்து, மேல்துளையின் மையத்திலிருந்து கீழ்த்துளையின் மையம்வரை அளந்தார். அதே நீளத்தில், அடியில் ஐந்து படி வளையம் கொண்ட இணையைத் தேர்ந்தார். இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாகப் பூட்டினால் வண்டி கோணும். வளையத்தைத் திருப்புவதால் வில் கடினமாகிவிடும் என்று நாம் எண்ணியிருந்தோம். அது வில்லின் வலிமையை மாற்றுவதில்லை. வில்லை முன்கூட்டியே சிறிது அமுக்கி, எடைக்கேற்ப வண்டி நிற்கும் உயரத்தையே மாற்றுகிறது. பின்சக்கரம் தரையில் படாமல் நின்றபோது ஒருமுறையும், நாமும் அன்னையாரும் ஏறி அமர்ந்தபின் ஒருமுறையும் அளந்தார். வில்லின் முழு அசைவில் கால்பங்குக்குக் குறையாமலும் மூன்றிலொரு பங்குக்கு மிகாமலும் இறங்கவேண்டும் என்பது கணக்கு. குறைவாக இறங்கினால் சக்கரம் துள்ளும். மிகுதியாக இறங்கினால் பெரும்பள்ளத்தில் அடிதட்டும். அன்னையாருக்காக வளையம் இரண்டாம் படியில் நின்றது.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்து அதில் வருகிறது. வகுப்பறையில் தந்தையார் வாயால் அதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். வண்டிக்குச் சொன்னது என்றே அதுவரை எண்ணியிருந்தோம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் எத்தனை பெரியவர்கள் தம் எடையைச் சொல்லாமல் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறார்களோ! இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் தம் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக.

இவ்வாண்டு பொங்கலுக்கு மறுநாள் போடிக்குச் சென்று திரும்பினோம். ஏறும்போது பன்னிரண்டாம் வளைவில் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தவா என்று கேட்டோம். "எதுக்குக் கண்ணு? நல்லாத்தான போகுது" என்றார். பூப்பாறை வந்ததும் அவரே ஏலக்காய்க் கடைக்குள் நுழைந்து தராசில் ஏறினார். 52 காட்டிற்று. அன்று மாலை வளையத்தை மூன்றாம் படிக்குத் திருப்பினோம்.